நண்டின் ரத்தம் நீலமான கதை

அந்தக் காலத்தில் நண்டுக்கும் நமக்கும் ஒரே நிறத்தில்தான் ரத்தம் ஓடியது. கல்லும் தண்ணீரும்கூட வாய் திறந்து பேசிய காலம் அது. பிறகு மனிதர்கள் போட்ட கூச்சலில் அவை பேசுவதையே விட்டுவிட்டன, பாவம்!

ஆறு கடலில் கலக்கும் கழிமுகத்தில் அலவி என்று ஒரு நண்டு இருந்தாள். அவள் வயிற்றில் கொத்துக் கொத்தாக முட்டைகள், இன்றோ நாளையோ பொரியப் போகிறவை. அவளுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. வளைக்குள் போவாள், வெளியே வருவாள், தண்ணீரை முகர்ந்து பார்ப்பாள், மறுபடி வளைக்குள் போவாள்.

அன்று ஆற்றோடு துவரன் இறங்கி வந்தான். மலைக்காட்டில் உதிர்ந்த இலைகள் ஊறி ஊறி இறங்கிய சாறுதான் துவரன். கடுங்காப்பி நிறம், உடம்பெல்லாம் கை. அந்தக் கைகளில் செம்பனை இறுக்கிப் பிடித்திருந்தான். மலைப்பாறையிலிருந்து கரைந்து வந்த செம்புதான் செம்பன், கண்ணுக்கே தெரியாத அளவு.

அலவி சட்டென்று முட்டைகளைக் கால்களால் மூடிக்கொண்டாள். தனியாகத் திரியும் செம்பு தொட்டதையெல்லாம் சுட்டுவிடும். மீனின் செவுளே தாங்காது, முட்டை தாங்குமா?

"தம்பி, அவனை எங்க கொண்டு போற?" என்று கேட்டாள்.

"ஆழக் கடலுக்கு, அக்கா. நான் பிடிச்சிருக்கிற வரைக்கும் இவன் பரம சாது."

"நடுவுல விட்டுடாதே சாமி, வயித்துல பிள்ளைங்க இருக்கு!"

"விடுவேனா? பாறைக்கு வாக்குக் கொடுத்துட்டு வந்திருக்கேன்."

ரொம்பத்தான் வாய்ச்சவடால்! உப்பு நாட்டு வழக்கம் அவனுக்கு எங்கே தெரியும்?

அப்போது கடல் பொங்கி ஓதம் ஏறியது. அலையோடு உப்புக் கூட்டம் திமுதிமுவென்று வந்தது. எல்லையில் கால் வைத்த விருந்தாளியை, ஆளுக்கொரு கையாகப் பிடித்து அழைத்துப் போவது அவர்கள் வழக்கம். கை கொடுக்காவிட்டால் அவர்கள் குடியையே அவமதித்ததாக அர்த்தம்.

"வாங்க மாப்பிள்ளை, வாங்க!"

துவரன் முதலில் வெறுங்கைகளைத்தான் கொடுத்தான். அவை தீர்ந்துபோயின. கூட்டம் தீரவில்லை.

"எனக்குக் கை கிடையாதா, மாப்பிள்ளை?"

"மலைக்காரங்களுக்கு இவ்வளவுதான் மரியாதையா?"

துவரனை வெட்கம் பிடுங்கித் தின்றது. "ஒரு கைதானே" என்று செம்பனிடமிருந்து ஒன்றை எடுத்து நீட்டினான்.

"தம்பி, வேண்டாம்டா!" என்று அலவி கத்தினாள்.

அவன் காதில் எங்கே விழுந்தது? இன்னொரு கை. பிறகு இன்னொன்று. கடைசியில் செம்பன் நழுவியே விட்டான். கைகளெல்லாம் உப்பின் பிடியில் இருக்க, துவரனால் மிதக்க முடியவில்லை. ஆற்றோடு வந்த தன் இனத்தோடு ஒட்டித் திரண்டு, "அக்கா, தப்புப் பண்ணிட்டேனே!" என்று அழுதபடியே அடியில் போய்ப் படிந்தான்.

செம்பன் தண்ணீரெங்கும் தறிகெட்டு ஓடினான். "யாரையாவது பிடிச்சுக்கணும்! யாராவது வாங்களேன்!" ஒரு மீனைத் தொட்டான், அது வாயைப் பிளந்து துடித்தது. அலவியின் வயிற்றோரம் உரசினான். ஓர் ஓரத்து முட்டைகள் அப்படியே அடங்கிப்போயின.

"அடப்பாவி!" அலவி கொடுக்கை ஓங்கிவிட்டாள். ஓங்கிய பிறகுதான் பார்த்தாள், அவன் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தான். இவனை அடித்து என்ன ஆகப் போகிறது? பிடி கிடைக்காவிட்டால் மறுபடியும் முட்டைக்குத்தான் வருவான்.

"டேய், என் பிள்ளைங்களை விட்டுடு. என்னைப் பிடிச்சுக்கோ."

"உன்னையும் சுடுமே, அக்கா."

"சுட்டா சுட்டுட்டுப் போகுது, வா!"

செவுள் வழியாக அவனை உள்ளே இழுத்தாள். உடம்பெல்லாம் நெருப்பாய் எரிந்தது. எட்டுக் கால்களும் இழுத்துக்கொண்டன. செம்பன் அவள் ரத்தத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். பிடி கிடைத்ததும் அவன் நடுக்கம் நின்றது, எரிச்சலும் மெல்ல அடங்கியது. அலவி குனிந்து பார்த்தாள். கால் இடுக்கில் கசிந்த ரத்தம் நீலமாக இருந்தது. மிச்ச முட்டைகள் துடித்துக்கொண்டிருந்தன.

அழுவதற்குக்கூட அவள் நிற்கவில்லை. ஆறு இன்னும் எத்தனை செம்பன்களைக் கொண்டுவருமோ! வயிற்றை அணைத்துக்கொண்டு, செம்பு சிதறிக் கரைந்துபோகும் ஆழக் கடலைப் பார்த்து ஓட்டம் பிடித்தாள்.

அன்று முதல்தான் காட்டாற்றின் கடுங்காப்பி நிறம் கடலைத் தொட்டதும் சேறாய்ப் படிகிறது, முட்டை சுமந்த கழி நண்டு நிற்காமல் ஆழக் கடலுக்கு ஓடுகிறது, அதன் ரத்தமும் நீலமாகவே இருக்கிறது, ஏனென்றால் செம்பன் பிடித்த பிடியை இன்னும் விடவில்லை.