குடை நுழையாத தெரு

முன்னொரு காலத்தில் வெண்மணல் நாடு என்று ஒரு தேசம் இருந்தது. எந்தக் காலம் என்று கேட்காதீர்கள். நானும் அங்கே இல்லை, நீங்களும் இல்லை. அதை ஆண்ட பராக்கிரமகேது ராஜாவுக்கு ஆசை அதிகம், யோசனை கொஞ்சம் கம்மி.

ஆற்றங்கரையில் நல்ல தலைநகரம் இருந்தும் அவருக்குப் போதவில்லை. நடுப் பாலைவனத்தில் புது நகரம் கட்டியே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

அந்த நடுப் பாலைவனத்தில் இருந்தது ஒரே ஒரு கிணறு. அதை நம்பி நாற்பது வீடுகளும் அவர்களுடைய ஒட்டகங்களும் இருந்தன. கிணற்றைக் காத்து வந்தவள் பூவாயி என்ற ஒட்டகக்காரி. ராஜாவின் திட்டத்தைக் கேட்டதும், ஒரு நகரமே வந்து இறைத்தால் கிணறு தாங்குமா என்று அவள் பயந்தாள். கிணறு வற்றினால் அவர்களுக்கு வேறு போக்கிடம் கிடையாது.

ஆளுக்கு ஒரு தெரு கட்டிக் காட்டுங்கள், பிடித்த தெருவைக் கட்டியவரே நகரத்தையும் கட்டலாம் என்று ராஜா பறையறைவித்தார். பேர்போன சிற்பிகள் இரண்டு பேர் வந்தார்கள். மூன்றாவதாகப் பூவாயியும் போய் நின்றாள். சபையே சிரித்தது.

அந்த நாட்டில் ஒரு வழக்கம். புதுத் தெருவில் ராஜா உச்சிவேளையில் வெறுங்காலோடு நடக்க வேண்டும். அவர் என்ன செய்கிறாரோ அதையே பின்னால் வரும் பரிவாரமும் செய்ய வேண்டும். ஆற்றங்கரைப் புல்லில் நடந்தவரைக்கும் இதில் ஒரு தொல்லையும் வந்ததில்லை.

முதல் தெருவைக் கட்டியவன் சித்ராங்கதன். நூறடி அகலம், முழுக்க வெள்ளைக் கல், கண் கூசும் பளபளப்பு. ராஜா வலது காலை வைத்தார், எடுத்தார். இடது காலை வைத்தார், எடுத்தார். பிறகு இரண்டையும் மாற்றி மாற்றிக் குதித்தார். மந்திரி குதித்தார், சேனாதிபதி குதித்தார், தொந்தி பெருத்த ராஜகுருவும் குதித்தார். மேளக்காரர்கள் சும்மா இருப்பார்களா? குதிக்கிற வேகத்துக்குத் தாளத்தை மாற்றினார்கள். இது ஏதோ அரண்மனை நடனம் என்று ஜனங்கள் கைதட்டினார்கள்.

இரண்டாவது தெருவைக் கட்டியவன் ஜலசேனன். கல்லே வேண்டாம் என்று தெரு முழுக்கப் புல் போட்டான். வழியெல்லாம் நீரூற்று வைத்தான். மூன்று நாள் ஓயாமல் கிணற்றை இறைத்தான். வெயிலில் புல் கருகிப்போனது, தரை மட்டும் சேறாக நின்றது. ராஜா கணுக்கால் வரை புதைந்தார். மந்திரி முழங்கால் வரை புதைந்தார். ராஜகுரு இடுப்பு வரை போய்விட்டார். அவரை இரண்டு ஒட்டகங்களைக் கட்டி இழுக்க வேண்டியிருந்தது.

எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தபோது பூவாயி கிணற்றை எட்டிப் பார்த்தாள். அடியில் வெறும் ஈரம்தான் இருந்தது. அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

கிணறு பழையபடி ஊறுவதற்கு ஒரு மாதம் ஆனது. அதற்குப் பிறகுதான் அவள் வேலையைத் தொடங்கினாள். அங்கே கிடைத்த மண்ணையே குழைத்து, இரு பக்கமும் தடித்த, உயர்ந்த சுவர்களை எழுப்பினாள். நடுவே இரண்டு பேர் நடக்கும் அகலம்தான். அனல்காற்று நேராகப் பாயாதபடி தெருவை வளைத்து வளைத்துக் கொண்டுபோனாள்.

ராஜா வந்தார். வெண்கொற்றக் குடை சுவர்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. குடைக்காரன் தள்ளினான், இழுத்தான், சாய்த்தான். குடை அசையவில்லை. இது ராஜாவுக்கே அவமானம், சுவரை இடிக்க வேண்டும் என்று மந்திரி குதித்தார்.

பூவாயி கைகூப்பினாள். "மகாராசா, குடைய வெளிய வச்சுட்டு உள்ள வாங்க. இந்தத் தெருவே குடைதான்."

மண்டையைப் பிளக்கும் வெயிலில் மானம் எத்தனை நேரம் தாங்கும்? ராஜா உள்ளே போனார். தரை சுடவில்லை. எங்கிருந்தோ மெல்லக் காற்று வந்தது. நின்றார், உட்கார்ந்தார், சுவரில் சாய்ந்து தூங்கியே போனார். மந்திரி தூங்கினார், சேனாதிபதி தூங்கினார். ராஜகுரு மட்டும் வழக்கத்தை மீறி ராஜாவுக்கு முன்பே தூங்கிவிட்டார்.

பொழுது சாயும்போது ராஜா விழித்தார். நகரத்தை நீயே கட்டு என்றார். எவ்வளவு பெரிதாகக் கட்டலாம் என்றும் கேட்டார். பூவாயி அவரைக் கிணற்றடிக்கு அழைத்துப் போனாள். ஒரு நாளைக்கு ஊறும் தண்ணீர் இருநூறு வீட்டுக்குப் போதும், அதில் நாற்பது வீடு ஏற்கெனவே இருக்கிறது என்றாள்.

"என் அரண்மனைக் குளம்?" என்றார் ராஜா.

"அதுக்கு மட்டும் நூத்தைம்பது வீட்டுத் தண்ணி வேணும் மகாராசா. மிச்சம் பத்து வீடு."

அந்தப் பத்தில் தனக்கு ஒன்று உண்டா என்று ராஜகுரு மெதுவாக விசாரித்தார். ராஜா கிணற்றுக்குள் குனிந்து பார்த்தபடி வெகுநேரம் நின்றார். அவர் ஆயுளில் அவ்வளவு நேரம் யோசித்தது அதுதான் முதல் தடவை.

"குளம் வேண்டாம். இருநூறில் எனக்கும் ஒரு வீடு கொடு, போதும்."

பூவாயி சந்தோஷமாகக் குடத்தை எடுத்துத் தண்ணீர் சேந்தி, ராஜாவின் கையில் கொடுத்தாள். அவர் பாதியைக் குடித்துவிட்டு, மீதியைக் கீழே கொட்டாமல் மந்திரியிடம் நீட்டினார்.

சிரித்தது போதும், பிள்ளைகளே, சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன்: மண்ணும் நீரும் தாங்கும் அளவுக்குள் ஆசையை நிறுத்திக்கொண்டு கட்டுகிற ஊரே நிலைத்து நிற்கும்.