வலது பையில் இருந்த உப்பு

"மேடு வந்தா வண்டி என்னைப் பின்னாடி இழுக்குதுங்க டீச்சர்," என்றாள் தெய்வானை.

ஜெரினா டீச்சர் அவளைவிடப் பத்து வயது சின்னவள். ராசிபுரத்துப் பெண்களுக்கு சைக்கிளில் தூரப் பயணம் போகச் சொல்லிக்கொடுக்கிறவள். வயது எப்படி இருந்தாலும் டீச்சர் டீச்சர்தானே.

போன முறை கொல்லிமலைக்கு எல்லாரும் ஏறிவிட்டார்கள். தெய்வானை மட்டும் கடைசி வளைவுக்கு முன்னால் மூச்சு வாங்கி நின்றுவிட்டாள். மேலேயிருந்து இறங்கி வந்த ஒரு குட்டியானை வேனில் சைக்கிளைப் போட்டு, வாழைத்தார்களுக்கு நடுவில் உட்கார்ந்து ஊர் திரும்பினாள். "எங்கம்மா வாழைத்தாரோட வந்துச்சு" என்று அவள் மகளே பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் கொல்லிமலை. இந்த முறை மிதித்தே மேலே போய்விட வேண்டும். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது.

டீச்சர் சைக்கிளைப் பார்த்தாள். கேரியரின் இரண்டு பக்கமும் இரண்டு பெரிய பைகள், பொதிமாடு மாதிரி. தெய்வானையே தார்ப்பாயில் தைத்தவை.

"இடது பையில என்னக்கா இருக்கு?"

"ஸ்டவ்வு, குக்கர், அரிசி."

"வலது பையில?"

தெய்வானை வலது பையின் வாயைக் கையால் மூடிக்கொண்டாள்.

கூட இருந்த சுகுணா பையைத் திறந்து கையை விட்டாள். போர்வைக்கு அடியில் நாலு பாக்கெட் கல் உப்பு.

"உப்பு விக்கப் போறியாக்கா?"

"ஒரு பக்கம் பாரமா இருந்தா வண்டி சாயுதில்ல. சரிக்குச் சரி வெச்சேன். கல்லை வைக்க மனசு வரல. உப்புன்னா எதுக்காவது உதவும்."

சுகுணா சிரித்தாள். டீச்சர் சிரிக்கவில்லை.

"உப்பு எதுக்கு?"

"ஸ்டவ்வுக்கு ஈடா."

"ஸ்டவ்வு எதுக்கு?"

"மேலே கடை இல்லைன்னா சோறாக்க."

"போன தடவை ஆக்குனீங்களா?"

"மேலே போய்ச் சேர்ந்தாத்தானே டீச்சர் ஆக்க."

டீச்சர் ஸ்பேனரை எடுத்தாள். பைகளை இறக்கி, கேரியரைக் கழற்றி தெய்வானை கையில் கொடுத்தாள்.

"எங்க வைக்கட்டுங்க?"

"வைக்க வேண்டாம். பிடிச்சுக்கங்க."

பிறகு மற்றவர்களின் பிரேக்கைப் பார்க்கப் போய்விட்டாள். தெய்வானை கேரியரை இடுப்பில் வைத்தாள். தோளில் வைத்தாள். கடைசியில் வாயைத் திறந்தாள்.

"கை வலிக்குதுங்க டீச்சர்."

"அதுல இன்னும் ஒண்ணுமே ஏத்தலையேக்கா."

தெய்வானை கேரியரைக் கீழே வைத்தாள்.

டீச்சர் தன் சைக்கிளைக் காட்டினாள். அதில் கேரியரே இல்லை. ஹேண்டில்பாரில் பாய் சுருட்டினாற்போல ஒரு பை. நடுச் சட்டத்துக்குள் முக்கோணமாய் ஒன்று. சீட்டுக்குப் பின்னால் வால் மாதிரி ஒன்று.

"இதுல என்னங்க கொள்ளும்?"

"கொள்றது கொள்ளும்."

தெய்வானை வீட்டுக்குப் போய்ப் பழைய பைகளை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். அத்தனை கெட்டியான தையல். பிறகு கத்தரியை எடுத்தாள். இரண்டு பைகளையும் வெட்டி மூன்று சின்னப் பைகள் தைத்தாள்.

மறுநாள் டீச்சர் தையலில் விரலை ஓட்டிப் பார்த்தாள். வாரை இழுத்துப் பார்த்தாள். தலையை ஆட்டினாள். தெய்வானைக்கு அதுவே போதுமாக இருந்தது.

மாற்றுத்துணி, மழைக்கோட்டு, டியூப், பம்பு, கடலை உருண்டை. ஸ்டவ் ஏறவில்லை. அதனால் உப்பும் ஏறவில்லை.

"வால் பையில இன்னும் கொஞ்சம் இடம் கிடக்குதுங்க. என்ன வைக்கட்டும்?"

"இடம் கிடக்குதில்ல?"

"ஆமாங்க."

"அது அப்படியே இருக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை மலை அதே மலைதான். அதே கொண்டை ஊசி வளைவுகள். தொடை எரிந்தது, வியர்வை கண்ணில் இறங்கியது. ஆனால் பின்னால் இருந்து யாரும் இழுக்கவில்லை. திரும்பிக்கூடப் பார்த்தாள். யாரும் இல்லை.

கடைசி வளைவுக்கு முன்னால், போன முறை நின்ற அதே இடத்தில், ஒரு வேன் அவளைத் தாண்டிப் போய் நின்றது. அதே குட்டியானை. டிரைவர் தலையை நீட்டினார்.

"நீதானாம்மா? மேலே சந்தைக்குத்தான் போறேன். சைக்கிளைத் தூக்கிப் போட்டு ஏறிக்க."

தெய்வானை மிதிப்பதை நிறுத்தவில்லை.

"பின்னாடி என்னங்க ஏத்தியிருக்கீங்க?"

"ஒண்ணும் இல்லம்மா. இடம் சும்மாத்தான் கிடக்குது."

"அது அப்படியே இருக்கட்டுங்க," என்றாள் தெய்வானை.

நின்ற வேனைத் தாண்டி முன்னால் போனாள். ரோடு குறுகல். கடைசி வளைவு முழுக்க, ஹாரன்கூட அடிக்காமல், வேன் அவள் பின்னாலேயே வந்தது.