எந்த ஸ்கோப்பை வைத்துக்கொள்வது?

எனக்கு ஐம்பத்தாறு வயது, என் குருவுக்கு முப்பத்திரண்டு. ரேடியோ கடையை மூடிவிட்டு, ஆஸ்பத்திரிக் கருவிகளைப் பழுது பார்க்கக் கற்றுக்கொள்ள ஹெப்சிபா டீச்சரிடம் சேர்ந்திருந்தேன்.

மின்சாரத்தின் அலையைத் திரையில் காட்டும் பழைய அனலாக் ஸ்கோப் ஒன்று பட்டறையில் இருந்தது. அதைக் கொடுத்தால் டிஜிட்டல் ஸ்கோப் தருவதாகச் சொன்ன கடைக்காரர், புதியதை ஒரு மாதம் பழகிப் பார்க்கக் கொடுத்திருந்தார். எதை வைத்துக்கொள்வது என்று டீச்சரிடம் கேட்டேன்.

பதிலுக்கு அவர் ஒரு கருவியை என் முன் வைத்தார். பச்சைக் குழந்தைக்கு மூச்சு நின்றால் மணியடிக்கிற கருவி. சும்மாவே அலறுகிறதாம், சில நேரம் அணைந்தே போகிறதாம். அது பழுது நீங்கித் திரும்பி வரும்வரை வார்டில் ஒன்றேகால் கிலோ குழந்தை ஒன்றை நர்ஸம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

புதிய ஸ்கோப்பில் மாட்டினேன். மெதுவான, அழகான அலை வந்தது. இது வெறும் சுவர்ப் பிளக்கிலிருந்து வரும் மின்சாரத்தின் சாயல், கருவி நல்லது என்று பெரிய மேதாவியாட்டம் சீட்டு எழுதினேன்.

"பழையதுலயும் ஒருக்கா பாத்திருங்க அண்ணாச்சி," என்றார் டீச்சர்.

பழையதன் திரை முழுக்கப் பச்சை அப்பிக்கொண்டது. அவ்வளவு வேகமான இரைச்சல். நான் திருகியை மெதுவான பக்கம் வைத்திருந்ததால் புதியது அதை இடைவெளி விட்டு அங்கங்கே மட்டும் தொட்டுப் பார்த்து, மெதுவான அலையாகக் காட்டியிருக்கிறது. எழுதிய சீட்டைக் கிழித்துப்போட்டேன். காய்ந்துபோய் இரைச்சலை வடிகட்டாமல் விட்டிருந்த கெப்பாசிட்டரை மாற்றினேன்.

புதியது வேண்டவே வேண்டாம், திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றேன். டீச்சர் இரண்டையும் கருவியோடு இணைத்தார். ஒரு மணி நேரம் பழையதையே முறைத்துக்கொண்டிருந்தேன். கோடு ஆடவில்லை. சரியாகிவிட்டது என்று எழுந்தேன்.

புதியதன் திரையில், அது பிடித்துவைத்திருந்த ஒரு பள்ளம் அப்படியே நின்றது. நான் கண் சிமிட்டிய நேரத்தில் மின்சாரம் ஒரு கணம் அறுந்து வந்திருக்கிறது. தேடினால், ஈயம் வைத்த இடத்தில் மயிரிழை விரிசல். பற்றவைத்து வார்டுக்கு அனுப்பினேன்.

குழந்தை தேறி வீட்டுக்குப் போன அன்று, அதன் அம்மா பட்டறைக்கே வந்தாள். யாருக்கு நன்றி சொல்வதென்று தெரியாமல் எங்கள் மேஜையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். டீச்சரைக் கும்பிட்டேன்.

மறுநாள் பழையதைத் தூக்கிப்போகக் கடைக்காரர் வந்து நின்றார்.

"இப்பவாவது சொல்லுங்க டீச்சர். எதை வச்சுக்கிட?"

"நீங்க நெனச்சது தப்புன்னு உங்களுக்குக் காட்டுனது எதோ, அதை வச்சுக்கிடுங்க அண்ணாச்சி."