நண்டு வளையில் ஒரு தும்பி

பர்ர்... டப்!

இருட்டிய பிறகு குளக்கரையில் அந்தச் சத்தம் கேட்டது. வளைக்குள் இருந்த நண்டு திடுக்கிட்டது. அதன் வயிற்றுக்கடியில் நாற்பது குஞ்சுகள் ஒட்டிக்கொண்டிருந்தன.

"அம்மா, பேயா?"

"உஷ்! பேசாதீங்க."

பர்ர்... டப்! இப்போது வாசலிலேயே கேட்டது.

வாசலை அடைத்திருந்த மண்ணில் ஓட்டை போட்டு நண்டு எட்டிப் பார்த்தது. வெளியே ஒரு தும்பி. அன்று மாலைதான் தண்ணீரை விட்டுக் கோரைத்தண்டில் ஏறி, தோலை உரித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. நான்கு இறக்கைகளில் ஒன்று கசங்கிய காகிதம்போல் சுருண்டிருந்தது. பறக்கப் பார்க்கும், விழும்.

"அத்தை, உள்ளே விடுங்க! தவளை வருது!"

"நீயா? நேற்றுவரை தண்ணீருக்குள்ளே என் பிள்ளைகளையே முறைச்சுக்கிட்டுச் சுற்றினவள்தானே!"

"அது அப்போ, அத்தை. இனிமேல் எனக்குக் கொசுதான் சாப்பாடு. இப்போ வாய் இன்னும் கெட்டியாகலை, அதைக்கூட மெல்ல முடியலை!"

நண்டின் குரல் கொஞ்சம் இறங்கியது. "இறக்கைக்கு என்ன ஆச்சு?"

"காயறதுக்கு முன்னாடி, அதே தண்டுல ஏறின அக்கா தும்பி ஒருத்தி என் மேலே ஏறி மிதிச்சுட்டாள்."

"அழாதே. என் கொடுக்குகூட ஒடிஞ்சது. அடுத்த தோல் உரிச்சதும் முளைச்சுது. உனக்கும் அடுத்த தடவை சரியாயிடும்!"

"எனக்கு அடுத்த தடவை கிடையாது, அத்தை. இதுதான் கடைசித் தோல்."

நண்டு அந்தச் சுருண்ட இறக்கையை மறுபடி பார்த்தது.

அதற்குள் தவளை வந்துவிட்டது. "அக்கா, நீங்க பிள்ளைக்காரி! கதவைச் சாத்திக்கிட்டுத் தூங்குங்க. எப்படியும் பிழைக்காத பூச்சி. நான் பார்த்துக்கறேன்!"

"பிழைக்காதுன்னு நீ யாருடா சொல்ல?"

நண்டு வாசல் மண்ணை இடித்தது. தும்பிக்கு இறக்கையை மடக்க வராது. வாசல் இன்னும் அகலமாக வேண்டும். இன்னும் இடித்தது.

"அம்மா, தவளையும் உள்ளே வந்துடும்!" என்று குஞ்சுகள் அலறின.

"வரட்டும். நீங்க கெட்டியாப் பிடிச்சுக்கோங்க!"

தும்பி நுழைந்தது. பின்னாலேயே தவளையின் நாக்கு நீண்டது. நண்டு அதை நறுக்கென்று கிள்ளியது. "ஐயோ!" என்று தவளை குளத்துக்குள் குதித்தது.

"அந்த வேரைப் பிடிச்சுத் தொங்கு, கண்ணு. மூணு இறக்கையாவது நேராக் காயட்டும்."

பிறகு நண்டு ஈரமண்ணை அள்ளி அள்ளி வாசலை அடைத்தது. உள்பக்கம் ஒரு கூழாங்கல்லை இழுத்துத் தாழ்ப்பாளாகப் போட்டது.

தன் பிள்ளைக்காகப் பயந்து கதவை அடைக்கிறவள், குறையோடு வந்து நிற்கும் பிள்ளையையும் உள்ளே சேர்த்துக்கொண்டுதான் அடைக்க வேண்டும்.