ஃபங்ஷன் வாசலில் ஒரு கேள்வி

"நான் அனுப்பின ப்ரோக்ராம் மாற்றத்துல என்ன குறைன்னு சொல்லிடுங்க மேடம். இருப்பே கொள்ள மாட்டேங்குது."

குணாளன் உட்காரக்கூட இல்லை. ஜுலைகாவின் மேஜை முன்னால் நின்றபடியே கேட்டார்.

ஜுலைகா கெர்னலில், அதாவது கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை மென்பொருளில், ஒரு பகுதிக்குப் பொறுப்பாளர். நொடிக்கு லட்சக்கணக்கில் ஓடும் ஃபங்ஷன் என்ற சின்னச் சின்ன மென்பொருள் துண்டுகளில் எது எப்போது ஓடியது என்று தடம் பிடித்துக் காட்டும் பகுதி அது. அவர் தலையாட்டாமல் அங்கே ஒரு வரிகூட உள்ளே போகாது. குணாளனைவிட வயதில் ரொம்பச் சின்னவர். அதுவும் மனுஷனை உறுத்திக்கொண்டிருந்தது.

இத்தனை வருஷ வேலையில் கெர்னலில் குணாளன் பெயருக்கு ஒரு வரி கிடையாது. இந்த முறையும் நழுவினால் வேலையை வேறு குழுவுக்குக் கொடுத்துவிடுவேன் என்று மேனேஜர் முகத்துக்கு நேரே சொல்லியாகிவிட்டது.

"உங்க மாற்றம் என்ன செய்யுது சார்?"

"இப்ப ஒவ்வொரு ஃபங்ஷன் வாசல்லயும் ஒரு காலி இடம் விட்டு வெச்சிருக்கோம். தடம் பிடிக்கணும்னா, ஓடிட்டிருக்கிற ப்ரோக்ராமையே திருத்தி அந்த இடத்துல எழுதறோம். வம்பு பிடிச்ச வேலை. அதைத் தூக்கிட்டேன். இனிமே ஒவ்வொரு ஃபங்ஷனும் உள்ள நுழையும்போது, யாராவது பாக்கறாங்களான்னு ஒரு தடவை கேட்டுக்கும். ஆமான்னா தடம் பதியும். இல்லைன்னா தன் வேலையப் பாக்கும். அவ்வளவுதான்."

"டெஸ்ட் பண்ணீங்களா?"

"தடம் பிடிக்கறதை ஆன் பண்ணி, விதவிதமா ஓட்டிப் பாத்துட்டேன். ஒரு இடத்துலயும் இடறல."

"ஆஃப் பண்ணி?"

"ஆஃப் பண்ணினா அதுல பாக்கறதுக்கு என்ன இருக்கு மேடம்?"

ஜுலைகா எழுந்தார். தன் நாற்காலியை அவர் பக்கம் தள்ளினார்.

"இன்னொருத்தர் மாற்றம் ஒண்ணு வந்து கிடக்கு. எனக்காகப் படிச்சு, பிழை இருக்கான்னு ரிவ்யூ பண்ணித் தாங்க. அப்புறம் உங்களதைப் பேசலாம்."

வந்த காரியம் என்ன, நடக்கிற காரியம் என்ன என்று உள்ளுக்குள் புழுங்கியபடி குணாளன் உட்கார்ந்தார். மவுஸைத் தொட்டார்.

"யாராவது பாக்கறாங்களா சார்?"

"என்னது?"

"கேட்டேன். பதில் சொல்லிட்டு வேலையப் பாருங்க."

"இல்ல."

ஃபைலைத் திறந்தார்.

"யாராவது பாக்கறாங்களா?"

"இல்ல மேடம்."

குணாளன் பக்கத்தைக் கீழே நகர்த்தினார். ஜுலைகா கேட்டார். மேலே நகர்த்தினார். கேட்டார். கண்ணாடியைத் துடைக்க எடுத்தார், அதற்கும் ஜுலைகா கேட்டார்.

படித்த வரியையே குணாளன் திரும்பத் திரும்பப் படித்தார். ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. தண்ணீர் குடிக்க பாட்டிலைத் தூக்கினார்.

"யாராவது பாக்கறாங்களா?"

"விளையாடறீங்களா மேடம்?"

"இல்லன்னு ஒரு வார்த்தைதானே சார். எவ்வளவு நேரம் ஆயிடப் போகுது?"

பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி திரைக்குத் திரும்பினார். ஒரு பிழை கண்ணில் பட்ட மாதிரி இருந்தது. இங்கேதான் எங்கேயோ. விரல் வைத்துத் தேடினார். கிட்டத்தட்டப் பிடித்துவிட்டார்.

"யாராவது பாக்கறாங்களா சார்?"

பிழை நழுவிப் போயிற்று.

குணாளன் நாற்காலியை உதறிவிட்டு எழுந்தார். "யாருமே பாக்கல! யாருமே பாக்காதப்போ எதுக்கு மேடம் கேட்டுக் கேட்டு உயிரை எடுக்கறீங்க?"

ஜுலைகா நாற்காலியை மறுபடி அவர் பக்கம் தள்ளினார். இந்த முறை கேள்வி வரவில்லை.

குணாளன் நின்றுகொண்டே இருந்தார். காது சூடேறியது. அவமானமாக இருந்தது.

மெதுவாக உட்கார்ந்தார். அந்த ஃபைலை மூடிவிட்டுத் தன் மாற்றத்தைத் திறந்தார். மேனேஜர் முகம் நினைவுக்கு வந்தது. இருந்தும் அதன் கீழே தட்டினார்: இதை ஏற்க வேண்டாம்.

"காரணம் எழுதணும் சார்," என்றார் ஜுலைகா.

குணாளன் எழுதினார்:

யாரும் பார்க்காதபோதும் ஒவ்வொரு ஃபங்ஷன் வாசலிலும் கேட்டுக்கொண்டே இருக்கிறது.