நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

பேராசிரியர் தில்லைநாயகத்தோடு மாரடிப்பதுதான் தற்காலிக ஆய்வு உதவியாளர் பொற்கொடியின் பிழைப்பு. காலமான தன் குரு, பொருளியல் அறிஞர் மாசிலாமணியின் நூற்றாண்டு விழா வந்ததும் பேராசிரியர் அவளுடைய உயிரை வாங்கினார்.

"குருநாதர் புத்தகத்தை இன்னைக்கும் எத்தனை பேர் மேற்கோள் காட்டுறாங்கன்னு மேடையில சொல்லு. கம்மியா இருந்தா உன் வேலை காலி!"

மேடையேறிய பொற்கொடி, "ஏகப்பட்ட பேர் சார். எல்லாருமே காட்டுறது நானூத்திப் பன்னிரண்டாம் பக்கம்" என்றாள்.

பேராசிரியர் பூரித்துப்போனார்.

"ஆனா புத்தகமே இருநூறு பக்கம்தான் சார்."

"எந்த மடையன் இதை ஆரம்பிச்சு வெச்சான்?" என்று அவர் கத்தினார்.

"முதல்ல அப்படி எழுதியிருந்தது உங்க கட்டுரையிலதான் சார். மத்தவங்க புத்தகத்தைத் திறக்காமலே அதைப் பார்த்து எழுதிட்டாங்க. அப்படிப் பார்த்தா செல்வாக்கு முழுக்க உங்களோடது. இந்த மாலையைக் குருநாதர் படத்துக்குப் போடவா, உங்களுக்கா?"