வரிச்சி இன்னும் போகலியா?

ஒரு பெரிய குளம். இந்தக் கரையில நின்னு பாத்தா அந்தக் கரை தெரியாது, அவ்வளவு பெருசு. மழைக்காலத்துல வந்து எறங்கி, பங்குனி பொறந்ததும் இமயமலை தாண்டி அந்நிய தேசம் போற வாத்துக் கூட்டம் ஒண்ணு அங்க இருந்துச்சு. அதுல ஒருத்தி வரிச்சி. தலையில ரெண்டு கறுப்பு வரி, அதனால வரிச்சி. கூட்டத்துல எல்லாருக்குந்தான் ரெண்டு வரி இருக்கு. ஆனா பேரு இவளுக்கு மட்டுந்தான் ஒட்டிக்கிச்சு. சில பேருக்கு அப்படித்தான்.

இந்த வருசப் பயணம் மத்த வருசம் மாதிரி இல்ல. வரிச்சியோட ஒரே மவ பேச்சி, போன வருசம் ஜோடி சேந்து, புருஷன் கூட்டத்தோட வேற தெசைக்குக் குளிர்காலம் கழிக்கப் போயிட்டா. பிரியுறப்ப மலைக்கு அப்பால இருக்குற ஏரிக்கரையில, அம்மா கழுத்தோட கழுத்தை ஒட்டி வச்சுக்கிட்டுச் சொன்னா:

"அம்மா, அடுத்த வருசம் எனக்குத் தலைமுட்டை. ஓடு ஒடையுற அன்னைக்கு நீ எம் பக்கத்துல இருக்கணும். எனக்கு ஒண்ணுமே தெரியாதும்மா!"

"இருப்பேன்டி! பின்ன இந்த ரெண்டு எறகு எனக்கு எதுக்கு?"

வரிச்சிக்குப் புருஷனும் இல்ல. மூணு வருசத்துக்கு முன்னால மலை தாண்டும்போது பனிக்காத்துல போயிட்டான். அதனால அந்த ஒரு வார்த்தையை நெஞ்சுல வச்சுக்கிட்டுத்தான் ஆறு மாசத்தையும் ஓட்டினா. புல்லை மேயும்போதும் வடக்கதான் பாப்பா. தண்ணியில மெதக்கும்போதும் மூஞ்சி வடக்கதான் இருக்கும்.

ஒருவழியா நாள் குறிச்சாச்சு. கூட்டத்துக்குத் தலைவரு வயிரவன் அண்ணாச்சி. அவரு சொன்னாரு, "நாளைக்கு விடியக் கெளம்புறோம். எல்லாரும் வயிறு நெறைய மேஞ்சுக்கிடுங்க! ஒடம்புல இருக்குற கொழுப்புதான் நமக்குக் கட்டுச்சோறு. மலைமேல ஒரு புல்லும் கெடைக்காது!"

வரிச்சி மேஞ்சாளா? எங்க மேஞ்சா! அன்னைக்குப் பூரா சொல்லிக்கிட்டுப் போறதுக்கே சரியாப் போச்சு. கொக்கு வீடு, நாரை வீடு, நத்தைக்குத்தி வீடுன்னு ஒண்ணு விடாமப் போயி, "எம் மவளுக்குத் தலைமுட்டை! நாளைக்கு விடிய நான் இருக்க மாட்டேன், போயிட்டு வாரேன்!"ன்னு சொன்னா.

கடைசியா மூக்காயிகிட்ட வந்தா. மூக்காயி ஒரு தாழைக்கோழி. நீல ஒடம்பு, ரத்தச் செவப்பா மூக்கு. ரெண்டு பேருக்கும் ஏழு வருசப் பழக்கம், ஒருத்தரை ஒருத்தரு மதினின்னுதான் கூப்பிடுவாங்க. மதகுக்குப் பக்கத்துல நல்ல பசும்புல் திட்டு ஒண்ணு வரிச்சிக்கு இருந்துச்சு. அதை மூக்காயிகிட்டக் குடுத்துட்டா.

"மதினி, இனிமே இது உனக்கு. நீயே மேஞ்சுக்கோ!"

மூக்காயி அழுத அழுகை இருக்கே! "மலை தாண்டி நீ திரும்பி வருவியோ மாட்டியோ!"ன்னு மூக்கு இன்னும் செவக்குற வரைக்கும் அழுதா.

இப்படிச் சொல்லிக்கிட்டுப் போறதுலயும் ஒரு சங்கடம் இருக்கு. அந்தக் குளத்துல ஒரு ஆமை இருந்துச்சு. பக்கத்துக் குளத்துக்குப் போறேன்னு ஒரு தடவை எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுக் கெளம்புச்சு. மதகு வரைக்கும் போறதுக்கே நாலு நாளாயிட்டு. அங்க போனதும் எதுக்கு வந்தோம்னு மறந்து போச்சு. திரும்பி வர இன்னொரு நாலு நாள். வந்து பாத்தா, அது போனதையே ஒருத்தரும் கவனிக்கல! கோவத்துல ஒரு மாசம் யார்கூடயும் பேசல. அதையும் ஒருத்தரும் கவனிக்கல. ஆமை கெடக்கட்டும், விடிஞ்சுபோச்சு, வாங்க.

விடியக்காலையில வாத்தெல்லாம் கரையில வரிசையா நின்னுச்சு. வரிச்சி முத ஆளா நின்னா. வயிரவன் அண்ணாச்சி எறகை விரிக்கப் போற நேரம், கடல் பக்கமிருந்து ஆலாப் பறவை பறந்து வந்து மதகு மேல உக்காந்தான். காத்து எந்தப் பக்கம் அடிக்குன்னு சேதி சொல்லுறது அவன் வேலை.

"எல்லாரும் மன்னிக்கணும்! காத்து மாறிப்போச்சு! வாடை எதுத்து அடிக்கு, மேல ஒரே கருமேகம். இன்னைக்குப் பயணம் இல்ல!"

கரையே கொதிச்சுப்போச்சு.

"யாரைக் கேட்டுல மாத்தினே? நேத்தே சொல்லுறதுக்கு என்ன?" கூட்டத்துல ஒரு வாத்து கத்துச்சு.

"ஏன், நானா வாயால ஊதிக் காத்தை அனுப்புறேன்?"

"சரி, எப்பக் கெளம்பலாம்? அதையாவது சொல்லு!"

"இன்னும் கொஞ்ச நேரத்துல தெரியும்!"

இந்தக் 'கொஞ்ச நேரம்' எவ்வளவு நேரம்னு அவனுக்கும் தெரியாது, பாவம். உச்சி வெயில் வந்ததும் வயிரவன் அண்ணாச்சி சொல்லிட்டாரு, "நின்னது போதும். எல்லாரும் எறங்கி மேயுங்க, தூங்குங்க. காத்து திரும்பினா நான் கூப்பிடுதேன்!"

வாத்தெல்லாம் முணுமுணுத்துக்கிட்டே எறங்கிப் போச்சு. வரிச்சியும் எறங்கினா. பத்தடிகூடப் போகல. எதுத்தாப்புல கூழைக்கடா மாமா.

கூழைக்கடா மாமாவுக்கு வாயும் பெருசு, பேச்சும் பெருசு. ஒரு தடவை பேச்சு ருசியில வாயைத் தொறந்துக்கிட்டே நின்னாரு, உள்ள இருந்த நாலு கெண்டையும் துள்ளித் தண்ணிக்குள்ள போயிட்டு. அப்பவும் அவரு பேச்சை நிறுத்தலை!

"ஏ மருமவளே! இன்னும் போகலியா?"

"காத்து சரியில்ல மாமா. சாயங்காலம் போயிருவோம்."

நாலு எட்டு வச்சா. பொளக்குன்னு தண்ணியிலிருந்து முக்குளிப்பான் தலையை நீட்டுச்சு.

"யக்கா! இன்னும் போகலியா?"

"போகணும்."

அது முங்கி வேற எடத்துல எந்திரிச்சு, "யக்கா! இன்னும் போகலியா?"ன்னுச்சு. ஒரே ஆளுகிட்டக் கேட்டோம்னு அதுக்குத் தெரியல. நண்டு வளையிலிருந்து எட்டிப் பாத்துக் கேட்டுச்சு. கொக்கு ஒத்தக் காலை மாத்தி வச்சுக்கிட்டுக் கேட்டுச்சு. யாரும் கெட்ட எண்ணத்துல கேக்கல. ஆனா ஒவ்வொரு தடவையும் வரிச்சிக்கு நெஞ்சுல முள்ளு குத்துன மாதிரி இருந்துச்சு. போகத்தானே ஏங்கிக் கெடக்கா! அதையே எத்தனை வாய்க்குச் சொல்லுவா?

தூரத்துல பசும்புல் திட்டு தெரிஞ்சுது. மூக்காயி அங்க நின்னா. வரிச்சிக்குக் காலு நகரல.

"தானமாக் குடுத்த எடத்துல போயி எப்படி வாய வைக்க? அவ்வளவு அழுதாளே, இப்பப் போயி முன்னால நின்னா அவ என்ன நெனப்பா? சொல்லிக்கிட்டுக் கெளம்பினவ திரும்பி வந்தா போற காரியம் வெளங்குமா?"

அப்படி நெனச்சவ, பேசாமக் கரைக்குப் பின்னால போயிட்டா. அங்க ஒரு மொட்டைப் பாறை. புல்லு கெடையாது, பூண்டு கெடையாது, கேள்வி கேக்க ஆளும் கெடையாது. பாறை மேல ஏறி வடக்கப் பாத்து நின்னா.

மறுநாளும் ஆலா வந்து, "இன்னைக்கும் இல்ல!"ன்னான். அதுக்கு மறுநாளும் அதேதான். கரையில சத்தம் கேக்கும்போதெல்லாம் வரிச்சி ஓடி வருவா, சேதியைக் கேப்பா, யாரு கண்ணுலயும் படாமப் பாறைக்கே போயிருவா.

வயிரவன் அண்ணாச்சி ஒருநாள் பாத்துட்டாரு. "தங்கச்சி, மேயலியா?"

"பசிக்கல அண்ணாச்சி. போற எடத்துல சாப்பிட்டுக்கிடுதேன்."

"போற எடத்துக்கு நடுவுல ஒரு மலை இருக்கும்மா!"

"இன்னைக்கே கெளம்பிருவோம்ல. ஒரு நாளைக்கு என்ன?"

அந்த ஒரு நாளு ஆறு நாளாச்சு. பாறை மேல நின்னு அவ நெனச்ச நெனப்பை எழுதினா குளத்துத் தண்ணியே மைக்குக் காணாது. "இந்நேரம் பேச்சி கூடு கட்ட எடம் பாத்திருப்பா. கரையை விட்டுத் தள்ளி ஏரி நடுத்திட்டுல கட்டணும், இல்லன்னா நரி வந்துரும், அவளுக்குத் தெரியுமோ? மெத்தைக்கு நெஞ்சு எறகைக் கொஞ்சமாத்தான் பிடுங்கணும். பாசத்துல எல்லாத்தையும் பிடுங்கிப் போட்டுட்டுக் குளிர்ல வெறைச்சுக் கெடப்பாளோ?" மேகம் ஒவ்வொண்ணும் அவ கண்ணுக்கு மலையாத் தெரிஞ்சுது. ஒவ்வொரு மலைக்குப் பின்னாலயும் மவ நின்னா.

ஏழாம் நாள் விடியக்காலையில ஆலா கத்திக்கிட்டே வந்தான்.

"தெக்கத்திக் காத்து! தெக்கத்திக் காத்து! கெளம்புங்க!"

வாத்தெல்லாம் கொழுகொழுன்னு எந்திரிச்சு மேல போச்சு. வரிச்சியும் எந்திரிச்சா. பனை ஒசரம் போற வரைக்கும் ஆசை தூக்கிட்டுப் போச்சு. அதுக்கு மேல ஒடம்புதானே தூக்கணும்? அடுத்த ஊரு வயக்காட்டைத் தாண்டுறதுக்குள்ள மூச்சு வாங்கிச்சு. வரிசையில முன்னால இருந்தவ நடுவுக்கு வந்தா. நடுவுல இருந்து கடைசிக்கு வந்தா. கடைசியில இருந்தும் பின்தங்கிட்டா.

வயிரவன் அண்ணாச்சி வேகத்தைக் கொறச்சு அவ பக்கத்துல வந்தாரு.

"தங்கச்சி, ஒன் நெஞ்செலும்பு துருத்திக்கிட்டு நிக்கு. இந்த ஒடம்போட மலையேறினா நீ போய்ச் சேர மாட்டே."

"அண்ணாச்சி! எம் மவ!"

"அவகிட்ட நான் சொல்லிக்கிடுதேன். பத்து நாள் கழிச்சு நம்ம குளத்துக் கீழக்கரையில இருக்குற இன்னொரு கூட்டம் கெளம்புது. திரும்பிப் போயித் தின்னுட்டு, அவங்களோட வா. உசுரோட வா!"

கூட்டம் வில்லு மாதிரி வளைஞ்சு வடக்கே போச்சு. சின்னப் புள்ளியாகி, மறைஞ்சும் போச்சு. அந்த எடத்துலயே வட்டமடிச்சு, வெறும் ஆகாசத்தைப் பாத்துக்கிட்டே இருந்துட்டு, வரிச்சி ஒத்தையில திரும்பினா.

குளத்துல எறங்கும்போது நல்ல வெளிச்சம். எல்லாரும் பாத்தாங்க. கூழைக்கடா மாமா சும்மா இருப்பாரா?

"மருமவளே! நீ இன்னும் போகலியா?"

"போகல மாமா! பசிக்கு! வழிய விடுங்க!"

அவ்வளவுதான். மாமா வழிய விட்டுட்டாரு. இத்தனை லேசான பதிலைச் சொல்லாம ஆறு நாள் பட்டினி கெடந்திருக்கா!

புல் திட்டுக்குப் போனா. மூக்காயி கண்ணு வீங்கிப் போயி நின்னா. வரிச்சியைப் பாத்ததும் ரெண்டெட்டு பின்னால போனா.

"மதினி! கூட்டம் இங்க நின்னும் உன்னைக் காணல, நீ மட்டும் ஆறு நாளைக்கு முன்னாலயே போயிட்டேன்னுல்ல இருந்தேன்?"

"இல்ல மதினி. கரைக்குப் பின்னால பாறையில நின்னேன்."

"பாறையிலயா? கூப்பிட்டா கேக்குற தூரமாச்சே!" மூக்காயிக்குக் கோவம் பொத்துக்கிட்டு வந்துச்சு. "போயிட்டியேன்னு நான் இந்தப் புல்லையே தொடாம அழுதுக்கிட்டு இருக்கேன். நீ அங்க நிக்கியா? ஆறு நாள் மதினி! ஆறு நாளு நாம ஒண்ணா மேஞ்சிருக்கலாம்!"

"வெக்கமா இருந்துச்சு மதினி. குடுத்த எடத்துல வந்து..."

"வெக்கத்தைக் கொண்டு குளத்துல போடு! குனி! தின்னு!"

வரிச்சி குனிஞ்சா. தின்னுக்கிட்டே அழுதா, அழுதுக்கிட்டே தின்னா. பத்து நாளும் மூக்காயி பக்கத்துலயே நின்னு, அவ தலையைத் தூக்கி வடக்கப் பாக்கும்போதெல்லாம் முதுகுல ஒரு கொத்து கொத்தினா. "மலை எங்கயும் ஓடிராது. கீழ பாத்து மேயி!"

பதினோராம் நாள் கீழக்கரைக் கூட்டத்தோட வரிச்சி கெளம்பினா. மலையையும் தாண்டிட்டா. ஏரியில எறங்குறப்ப, பேச்சிக்குப் பின்னால அஞ்சு குஞ்சு மஞ்சப் பந்து மாதிரி நீந்திக்கிட்டு இருந்துச்சு. ஓடு ஒடைஞ்சு எட்டு நாளாயிட்டு.

குஞ்சுகளுக்கு இவ யாருன்னு தெரியல. அம்மா எறகுக்குள்ள போயி ஒளிஞ்சுக்கிச்சு.

"ஏம்மா, பின்னால வருவேன்னு அண்ணாச்சி சொன்னாரு, ஆனாலும் வரவே மாட்டியோன்னு நெனச்சேன்!" பேச்சி மெலிஞ்சு போயிருந்தா. "நரி ரெண்டு தடவை வந்துச்சு. ரெண்டு தடவையும் அவரு மேயப் போயிருந்தாரு, ஒத்தையில நின்னு வெரட்டினேன்."

வரிச்சி கிட்டப் போனா. மவ கழுத்தோட கழுத்தைச் சேத்து வச்சுக்கிட்டா. அப்புறம் மெதுவாக் கேட்டா:

"முதல்ல எது வெளிய வந்துச்சு?"

"இந்தா, இந்தக் குட்டை மூக்கன். பாதி ஓட்டைத் தலையில கவுத்துக்கிட்டே நடந்தான்!"

"அப்புறம்? நின்னு நிதானமாச் சொல்லுடி. ஒண்ணும் விடாமச் சொல்லு. நாந்தான் பாக்கலியே!"

பேச்சி சொன்னா. வரிச்சி கண்ணை மூடிக்கிட்டு, பக்கத்துல இருந்து பாத்த மாதிரி அவ்வளவையும் கேட்டா.

பயணம் தள்ளிப்போனா வெக்கப்பட்டு ஒளியாம, தள்ளிப்போன நாளையும் தின்னு தூங்கிச் சொந்தபந்தத்தோட இருந்து கழிக்கணும், ஏன்னா ஏக்கம் வழியைத்தான் காட்டும், போய்ச் சேர ஒடம்புல தெம்பு வேணும்.